பாட்டி பயமுறுத்திய பூக்களும் சொல்லாமல் விட்ட பூக்களும்

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு பட்டியல். எட்டு வயது மகளுக்கு, நாம் சின்ன வயதில் காட்டுப்பூக்களை வைத்து ஆடிய விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுக்க ஆசை; ஆனால் எருக்கம் மொட்டை உடைத்தால் கண் போகும், செங்காந்தளை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும், ஊமத்தம்பூவை முகர்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று பாட்டி சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்து கையைக் கட்டிப் போடுகிறது; எது நிஜம், எது கட்டுக்கதை என்று கேட்கிறீர்கள். விளையாட்டுகளின் பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். பாட்டியை நம்பலாமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பாட்டி பயமுறுத்திய செடிகள் விஷயத்தில் தாராளமாக நம்பலாம். பாட்டி ஒன்றுமே சொல்லாமல் விட்ட செடிகளில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். அது ஏன் என்று சொல்லத்தான் இந்த நீளமான பதில்.

நான் பிறந்தது அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். பள்ளியில் தாவரவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். 31 வருடப் பணியில் பாதி, தேனி மாவட்டத்து மலையடிவாரத்தில் போனது. அதனால் கரிசல்காட்டுச் செடிகளும் மலையோரச் செடிகளும் பழக்கம். கடலோரமும் டெல்டாவும் அவ்வளவாக இல்லை. நான் மருத்துவரும் இல்லை. விஷம் பற்றி இங்கே சொல்வது ஒரு தாவரவியல் ஆசிரியைக்குத் தெரிய வேண்டிய அளவுதான். செடிகளின் பெயர்களும் ஊருக்கு ஊர் மாறும். நான் ஒரு பெயரைச் சொன்னால், பக்கத்து மாவட்டத்துக்காரர் அது வேறு செடியாயிற்றே என்பார். இருவரும் சொல்வது சரியாகவே இருக்கும்.

முதலில் வெடிக்காய். பட்டாசுக்காய் என்றும் சொல்வார்கள். வாய்க்கால் ஓரத்திலும் பள்ளிக்கூடச் சுவர் அடியிலும் முளைக்கும் சின்னச் செடி. ஊதா நிறத்தில் புனல் போன்ற பூ காலையில் மலர்ந்து, அன்றைக்கே கொட்டிவிடும். பூ போன இடத்தில் 2, 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு காய். பச்சையாக இருக்கும்வரை அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. காய்ந்து பழுப்பான பிறகு அதன் மேல் ஒரு சொட்டு எச்சில் போதும். ஒன்றும் நடக்காதது போல் சில நொடி கிடக்கும். அப்புறம் ‘டப்’ என்று இரண்டாகப் பிளந்து விதைகளை நாலு பக்கமும் எறியும். நாங்கள் அதை நாக்கில் நனைத்து, முன் பெஞ்சுக்காரியின் ஜடைக்குள் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் போல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்போம். பிற்பாடு நான் டீச்சராகி அதே வகுப்புகளில் நின்றபோது, என் சாக்பீஸ் டப்பாவில் ஈரத் துணியோடு ஒரு கைப்பிடி வெடிக்காயைப் போட்டு வைத்திருந்தார்கள். திறந்ததும் கையில் வெடித்தது. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

இந்த விளையாட்டில் ஆபத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல் இருந்தால் போதும். ஆனால் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது. காய் காயும்போது அதன் இரண்டு ஓடுகளும் வெளிப்பக்கம் வளையப் பார்க்கும். நடுவில் இருக்கும் ஒட்டு அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த ஒட்டு இளகிவிடும். முறுக்கிப் பிடித்திருந்த ஓடுகள் விடுபட்டுத் தெறிக்கும். உள்ளே ஒவ்வொரு விதைக்கும் அடியில் கொக்கி போல ஒரு முள். கவண் கல்லை எறிவது மாதிரி விதையை எறிவது அதுதான். இதே குடும்பத்து வேறொரு செடியின் விதைகளை 2018இல் அமெரிக்காவில் அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்தார்கள். பறக்கும் விதை நொடிக்கு 1,600 முறைக்கு மேல் சுழல்கிறது. 7 மீட்டர் வரை போய் விழுகிறது. தெறித்த விதையை உங்கள் மகள் எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்க்கட்டும். சப்ஜா விதை மாதிரி சுற்றிலும் கோழை படரும். மழை பெய்யும் நேரம் பார்த்து வெடித்து, விழுந்த இடத்தில் ஈர மண்ணோடு ஒட்டிக்கொள்வதற்கான ஏற்பாடு அது.

அடுத்தது தாத்தாப்பூ. வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு என்றெல்லாம் சொல்வது இதைத்தான். தரையோடு படர்ந்து, ஒற்றைத் தண்டை நீட்டி, நுனியில் சட்டைப் பொத்தான் அளவு மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பூ. தண்டையே வளைத்து ஒரு சுருக்குப் போட்டு, பூவுக்குக் கீழே வைத்து வெடுக்கென்று இழுத்தால் தலை பறக்கும். தலையைக் கொடு தாத்தா என்று கெஞ்சிவிட்டு, கொடுப்பதற்குள் வெட்டிவிடுவதுதான் வழக்கம். கொஞ்சம் கொடூரமான விளையாட்டுத்தான். ஆனால் அப்படி விளையாடும் பிள்ளைதான், விழுந்து முட்டி சிராய்ந்தால் அதே செடியின் இலையைக் கசக்கிப் பிழிய ஓடும். இலைச் சாறு புண்ணை ஆற்றுமா என்று கேட்டால், எலிகளில் சோதித்து நல்ல பலன் இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். அதற்காகத் தெருவோரத்து இலையைக் குழந்தையின் காயத்தில் வைக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் முதலில். இலை, கதையாக மட்டும் இருக்கட்டும்.

உன்னிப்பூவைச் சொல்லாமல் தேனி பற்றிப் பேச முடியாது. மலையடிவாரம் முழுக்க அதுதான். ஒரு கொத்தில் நடுவே மஞ்சளும் ஓரத்தில் ரோஸும் ஆரஞ்சுமாக, இத்துணூண்டு குழாய்ப் பூக்கள். ஒன்றைப் பிடுங்கி அடியை உறிஞ்சினால் நாக்கு நுனியில் ஒரு துளி இனிப்பு. ஒரு பூவின் வாலை இன்னொரு பூவின் வாயில் செருகிக்கொண்டே போனால் ஊசி நூல் இல்லாமல் மோதிரம், வளையல், மாலை. என்னிடம் படித்த பிள்ளைகளிடம் ஒரு சட்டம் இருந்தது: மஞ்சளை உறிஞ்சு, சிவப்பை மாலைக்கு வை. ஏன் என்று கேட்டால், ‘மஞ்சள்லதான் டீச்சர் தேன் இருக்கும்’ என்பார்கள். இது அப்படியே உண்மை. புதிதாக விரிந்த பூ மஞ்சள். வயதாக ஆக நிறம் மாறுகிறது, தேனும் வற்றுகிறது. பட்டாம்பூச்சிகளும் மஞ்சளைத்தான் தேடிப் போகின்றன. பிரேசிலில் வாழ்ந்த ஃபிரிட்ஸ் முல்லர் என்ற இயற்கை ஆய்வாளர் 1877இல் இதைக் கவனித்து எழுதினார். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அவரைப் படிக்கவில்லை. நாக்கால் கண்டுபிடித்திருந்தார்கள்.

கோடை விடுமுறை என்றால் மயில்கொன்றைச் சேவல் சண்டை. குல்மொகர் என்று நகரத்தில் சொல்லும் அதே சிவப்புப் பூ மரம். காட்டுப்பூ இல்லை, சாலையோர மரம். ஆனாலும் இதை விட்டுவிட மனம் வரவில்லை. விரியப் போகும் மொட்டாகப் பார்த்துப் பிரித்தால் உள்ளே பத்து மகரந்தக் காம்புகள். ஒவ்வொன்றின் நுனியிலும் அரிசி போல ஒரு தலை. உன் காம்பின் தலையை என் காம்பின் தலையோடு கோத்து, இருவரும் இழுக்க வேண்டும். தலை அறுந்தவர் தோற்றார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நன்றாக விரிந்த பூவின் காம்பு பார்க்கத் திடமாக இருக்கும், தலை லேசில் உதிரும். இன்னும் விரியாத மொட்டின் காம்பு வளைந்து கிடக்கும், ஆனால் தலை கெட்டி. இது தெரிந்தவள்தான் எங்கள் தெருவில் சாம்பியன். அவள் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததே தாவரவியல் படிக்கப் போன பிறகுதான். மிச்சமிருக்கும் புறவிதழ்களை எச்சில் தொட்டு விரலில் ஒட்டினால் ராட்சசி நகம். வெள்ளைப் புள்ளி போட்ட அந்த ஒரு இதழைத் தின்போம், லேசாகப் புளிக்கும்.

சரி, இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெடிக்காய்ச் செடிக்குச் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதி. தாத்தாப்பூவும் அங்கிருந்து வந்ததுதான். உன்னிச்செடியும் அதே பக்கம். 1800களின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்து, வேலி தாண்டிக் காடு பிடித்தது. தொட்டாற்சுருங்கியும் அமெரிக்காதான். சாயங்காலம் மலர்ந்து பாட்டிக்கு உலை வைக்க நேரம் சொன்ன அந்திமந்தாரையும் அப்படியே. மயில்கொன்றை மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. ஆதிகாலத்து விளையாட்டு என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பாதிக்கு மேல், சில நூறு வருடங்களுக்குள் கப்பலேறி வந்த செடிகளை வைத்து ஆடியவை. பிள்ளைகளுக்கு ஒரு செடி சொந்தச் செடியா வந்தேறியா என்ற கவலை கிடையாது. கையில் அகப்பட்டது எது வெடிக்கிறது, எது இனிக்கிறது, எது சுருங்குகிறது என்று பார்த்து, ஒரு தலைமுறைக்குள் விளையாட்டாக்கி விடுகிறார்கள்.

பூவை வைத்து ஆடுவது நமக்குப் புதிதல்ல என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி அகநானூற்றில் இருக்கிறது. வேங்கை மரம் பொன்னிறமாகப் பூத்து நிற்கும். கிளை எட்டாது. பெண்பிள்ளைகள் அடியில் நின்று ‘புலி புலி’ என்று கூவுவார்கள். அப்படிக் கூவினால் மரம் தாழ்ந்து கொடுக்கும் என்பது நம்பிக்கை. வேங்கை என்றால் புலிக்கும் பெயர்தானே. அகநானூற்றின் 52ஆம் பாட்டில் இந்தக் கூச்சலைக் கேட்ட ஊர்க்காரர்கள், மாட்டைப் புலி அடித்துவிட்டது என்று நினைத்து வில்லைத் தூக்கிக்கொண்டு ஊரையே காலி செய்து ஓடி வருகிறார்கள். மரம் வளையாது என்பது நிச்சயம். ஊர் வந்து நின்றது. நற்றிணையின் 172ஆம் பாட்டில் இன்னொன்று. மணலில் புன்னைக் கொட்டையை அழுத்தி வைத்து விளையாடிய பெண்கள் அதை மறந்துவிட, அது முளைத்து மரமாகிவிடும். உங்களைவிட நல்லவள், உங்கள் தங்கை இவள் என்று அம்மா அந்த மரத்தைக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். அதனால் அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது என்கிறாள் ஒருத்தி. தங்கை பார்த்துக்கொண்டிருக்கிறாளே!

பழைய செடிகளில் தும்பை ஒன்றுதான் எந்தப் பயமுறுத்தலும் இல்லாமல் பிள்ளைகள் கையில் விடப்பட்டது. வெள்ளைப் பூவைப் பிடுங்கி உறிஞ்சலாம். செடியையே கொத்தாகப் பிடுங்கி, உட்கார்ந்திருக்கும் தட்டான் மேல் மெல்ல அமுக்கிப் பிடிக்கலாம். போர்க்களத்துக்குச் சூடிப் போன பூ என்று புறத்திணையில் ஒரு திணைக்கே பெயராக இருப்பது, எங்கள் ஊரில் தட்டான் பிடிக்கும் விளக்குமாறு. மற்றபடி நம் ஊரின் பழைய செடிகளில், கையில் எடுக்கக் கூடாத ஒவ்வொன்றின் மேலும் ஒரு பயக்கதை உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பாட்டி சொன்ன மூன்றும் அப்படிப்பட்டவைதான்.

எருக்கில் தொடங்குகிறேன், ஏனென்றால் இது என் வீட்டில் நடந்தது. எருக்கம் மொட்டு உள்ளே காற்றடைத்தது. இரண்டு விரலால் அமுக்கினால் ‘பட்’ என்று உடையும். அந்தச் சத்தத்துக்காகவே என் தம்பி ஒரு செடியை மொட்டையடித்துக்கொண்டிருந்தான். ஆறு வயது அவனுக்கு. மொட்டு உடைவதால் ஒன்றும் ஆகாது. மொட்டைக் கிள்ளும்போது காம்பிலிருந்து பால் வடிகிறதே, அதுதான் வில்லங்கம். அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கிவிட்டான். அழவில்லை. பெரிய எரிச்சல்கூட இல்லை. அதனால் வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. மறுநாள் காலையில் எழுந்து, வீட்டுக்குள் ஏன் புகையாக இருக்கிறது என்று கேட்டான். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சொட்டுமருந்து போட்டு இரண்டு வாரத்தில் சரியானது. எருக்கம்பால் கருவிழியின் உட்பக்க அடுக்கைப் பாதிக்கும், வலியே தெரியாமல் பார்வை மங்கும் என்று கண் மருத்துவ இதழ்களில் பலமுறை எழுதப்பட்டிருப்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். ஆக, கண் போகும் என்று பாட்டி சொன்னது மிகையாகத் தெரிந்தாலும் திசை சரி. பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, வலி இல்லை என்று ஏமாறாமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று யார் எதைச் சொன்னாலும் கண்ணுக்குள் விடக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், அதே எருக்கு பிள்ளையாருக்கு மாலை. புல்லிய இலை கொண்ட எருக்கம்பூவானாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்லாது என்று கபிலர் புறநானூற்றில் பாடியது நினைவுக்கு வருகிறது. காய் வெடித்துப் பஞ்சோடு பறக்கும் விதையை நாங்கள் ‘தாத்தா தாடி’ என்று துரத்துவோம். பிடித்து, மனதில் ஒன்றை நினைத்து, ஊதிவிட்டால் நடக்கும் என்று நம்பிக்கை. பறந்து வரும் விதையைப் பிடிப்பதில் பயமில்லை. உங்கள் மகளுக்கு எருக்கில் இந்த ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுங்கள், மொட்டை விட்டுவிடுங்கள்.

செங்காந்தள் விஷயத்தில் பாட்டி சொன்ன காரணம் தவறு. எச்சரிக்கை மிகச் சரி. பார்ப்பதால் கண்வலி வராது. கார்த்திகையில் வேலியில் ஏறி நெருப்பு மாதிரி நிற்கும் அந்தப் பூவை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். பச்சையாகத் தொடங்கி, மஞ்சளாகி, நாளாக நாளாக முழுச் சிவப்பாவதைப் பார்க்க வேண்டும். நம் மாநில மலர் அது. ஆனால் கண்வலிப்பூ என்ற பெயரே பிள்ளைகளைப் பத்தடி தள்ளி நிறுத்தியது. அந்தக் கொடி முழுக்க, முக்கியமாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. மூட்டுவலிக்கு மிகச் சிறிய அளவில் மருந்தாகும் சரக்கு. அதற்காகவே தாராபுரம், மூலனூர்ப் பக்கம் தோட்டத்தில் பந்தல் கம்பி போட்டு வளர்த்து விதையை விற்கிறார்கள். கிழங்கு பார்க்க ஏதோ காட்டு வள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும்; தெரியாமல் தின்றவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். கிழங்கைத் தோண்டாதே என்று ஒரு குழந்தையிடம் சொன்னால், தோண்டிப் பார்க்கத் தோன்றும். பூவைப் பார்த்தாலே கண் வலிக்கும் என்று சொல்லிவிட்டால் கிழங்கு வரைக்கும் கை போகவே போகாது. இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

ஊமத்தையும் இதே கணக்கு. முகர்ந்தால் பைத்தியம் பிடிக்காது. ஆனால் விதையோ இலையோ வயிற்றுக்குள் போனால், சில மணி நேரத்தில் வாய் வறண்டு, உடம்பு சுட்டு, இல்லாத ஆட்களோடு பேசிக்கொண்டு, காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஊர் அதைப் பைத்தியம் என்று சொன்னதில் தப்பில்லை. கண்ணைப் பரிசோதிக்கும் முன் கண்மணியை விரிக்க விடும் சொட்டுமருந்து இருக்கிறதே, அந்தக் குடும்பத்துச் சரக்குத்தான் ஊமத்தையில் இருப்பது. சாறு பட்ட விரலால் கண்ணைத் தொட்டால் அந்த ஒரு கண்மணி மட்டும் விரிந்து நிற்கும். ஊமத்தை இந்த மண்ணில் தோன்றியதா, மிகப் பழங்காலத்தில் வந்து சேர்ந்ததா என்பதில் தாவரவியலாளர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. எப்படியானாலும் சிவனுக்குச் சூட்டும் அளவுக்குப் பழைய பழக்கம். அதற்கென்று ஒரு கதை உருவாக நேரம் இருந்திருக்கிறது.

நான் சொல்ல வந்த இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன். மஞ்சள் அரளிக்கு உங்கள் பாட்டி என்ன கதை சொன்னார்? காட்டாமணக்குக்கு? எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. விளையாட்டு மட்டும் உடனே வந்துவிட்டது. காட்டாமணக்கு இலைக்காம்பை உடைத்து, வடியும் பாலை அந்த வளைவிலேயே ஒரு படலமாக நிறுத்தி, மெல்ல ஊதினால் வானவில் நிறத்தில் குமிழி பறக்கும். நானே எத்தனையோ ஊதியிருக்கிறேன். சோப்புத் தண்ணீர் செலவில்லாத விளையாட்டு. ஆனால் குமிழி ஊதும் பிள்ளை அடுத்து என்ன செய்யும்? காயை உடைத்துப் பார்க்கும். உள்ளே வெள்ளைப் பருப்பு. வாயில் போட்டால் நிலக்கடலை போல ருசியாக இருக்குமாம். ருசியாக இருப்பதுதான் கெடுதல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாகக் காட்டாமணக்கு விதையைத் தின்று, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட செய்தி அடிக்கடி வருவது அதனால்தான். மஞ்சள் அரளி இதைவிட மோசம். அதன் கொட்டை வழவழவென்று, சொட்டாங்கல் ஆடத் தோதாக, கையில் வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கும். உள்ளே இருப்பது நேராக இதயத் துடிப்பைப் பாதிக்கும் நஞ்சு. செவ்வரளியும் அப்படித்தான்.

இன்னொரு சிக்கல், தேன் உறிஞ்சும் பழக்கம். தும்பை, இட்லிப்பூ, உன்னி என்று பழகிய பிள்ளை, குழாய் மாதிரி இருக்கும் எந்தப் பூவையும் வாயில் வைத்துப் பார்க்கும். ஆகையால் பூவில் தேன் இருக்கும் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். இந்தச் செடி, இந்தச் செடி என்று விரல் வைத்துக் காட்டி, மற்றதெல்லாம் கண்ணுக்கு மட்டும் என்று சொல்லுங்கள். உன்னியில்கூடப் பூவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன் பச்சைக்காய் ஆகாது. அந்திமந்தாரையில் பூவைப் பின்னிச் சரமாக்கலாம், அடியில் இருக்கும் பச்சைக் குமிழை மெல்ல இழுத்து நீளக் காம்போடு காதில் தொங்கவிட்டு ஜிமிக்கி ஆக்கலாம். ஆனால் மிளகு போல இருக்கும் அதன் கறுப்பு விதையைச் சொப்புச் சமையலில் பயன்படுத்தும்போது வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய செடிக்குக் கதை, புதுச் செடிக்கு விளையாட்டு என்று நான் பிரித்தது என் அனுபவத்திலிருந்து போட்ட கணக்கு. குன்றிமணிக்கு இது பொருந்தாது. பழைய கொடிதான், கடும் நஞ்சுதான். ஆனாலும் பல்லாங்குழியிலும் பிள்ளையார் கண்ணிலும் அதை வைத்துக்கொண்டு யாரும் பெரிதாகப் பயமுறுத்தவில்லை. அதன் ஓடு உடையாதவரை உள்ளிருக்கும் நஞ்சு வெளியே வராது என்பதால் தப்பித்தோம் போலிருக்கிறது. மாலை கோக்கத் துளை போட்ட குன்றிமணியை மட்டும் குழந்தை கையில் தராதீர்கள்.

‘பூப்பறிக்க வருகிறோம்’ பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இரண்டு வரிசையாகக் கைகோத்து நின்று, முன்னும் பின்னும் நடந்து, எந்த மாதம், எந்தப் பூ என்று கேள்வி பதிலாகப் பாடி, கடைசியில் இருவர் கோட்டுக்கு இருபுறமும் நின்று இழுப்பது. பாட்டில் டிசம்பர் மாதம் வருகிறதே, மார்கழி இல்லையே என்று எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். மே மாதத்தில் கொட்டை பொறுக்க வருகிறோம் என்று இங்கிலாந்துப் பிள்ளைகள் பாடும் விளையாட்டு ஒன்று உண்டு; அதே இரண்டு வரிசை, அதே கேள்வி பதில், அதே இழுபறி. அமைப்பு ஒன்று என்பது நிச்சயம். மிஷன் பள்ளிகள் வழியாக வந்து பூவைச் சூடிக்கொண்டதோ என்பது என் ஊகம். கண்ணைப் பொத்திக்கொண்டு, மல்லிகைப்பூவே மெல்ல வந்து கிள்ளிவிட்டுப் போ என்று அழைக்கும் விளையாட்டில் அந்த வெளியூர் வாடை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே உங்கள் மகளோடு எதில் தொடங்கலாம் என்றால், வெடிக்காயில் தொடங்குங்கள். நகரத்திலும் கிடைக்கும், காலி மனை, ரயில்வே ஸ்டேஷன் சுவரோரம், பூங்காவில் யாரும் கவனிக்காத மூலை. ஊதாப் பூ இருக்கும் செடியில் பழுப்பு நிறக் காய்களாகப் பார்த்து, காம்போடு நுள்ளி, காய்ந்த காகிதத்தில் மடித்து வாருங்கள். மழை பெய்த மறுநாள் போனால் எல்லாம் ஏற்கெனவே வெடித்துக் காலியாக இருக்கும். அதனால் நாலு நாள் வெயில் அடித்த பிறகு போங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஐந்தாறு காயைப் போட்டுவிட்டு முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எது வெடிக்கும் என்று பந்தயம் கட்டலாம். பச்சைக் காயைப் பறித்து வந்து, வெடிக்கவில்லையே டீச்சர் என்று என்னைத் திட்டக் கூடாது.